நாலாவது டிஸ்க்

நாச்சிமுத்து தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சொன்ன விலையைக் கொடுத்திருக்கிறார். மகள் தாரிணி பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில். அப்போதும் சும்மா வரவில்லை. குழந்தையைச் சுற்றிக் கொடுத்த துணியோடு இன்னொரு துணியையும் கொசுறாக வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.

இருபத்தாறு வருஷம் கழித்து, ஆனி மாதத்தின் கடைசி நாள் காலை பத்து மணிக்கு, அந்த மகளின் கல்யாணப் பேச்சைப் பேசவேண்டிய பேரப்பெட்டி பாதி நினைவை இழந்து உட்கார்ந்திருந்தது.

பேரப்பெட்டி ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு லினக்ஸ் கணினி. அதன் தலைமேல் ஒரு சேமிப்பு போர்டு. மண்டிக்காரர்கள் அதை ‘மாடி’ என்பார்கள். மாடியில் நாலு அறை, அறைக்கு ஒரு டிஸ்க். முன்பெல்லாம் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பேரம் துண்டுக்கு அடியில் நடந்தது. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது தெரியும், விலை தெரியாது. ஆனால் மகாராஷ்டிரத்துச் சாங்கிலி மண்டியில் உட்கார்ந்திருப்பவர் ஈரோட்டுத் துண்டுக்குள் எப்படிக் கையை விடுவார்? அதற்காக வந்ததுதான் பெட்டி. ஒரு வியாபாரியின் பேச்சைப் பல வருஷம் பக்கத்தில் இருந்து கேட்கும். பிறகு அவரைப்போலவே பேசும், அவரைப்போலவே இழுக்கும், அவரைப்போலவே புளுகும்.

மஞ்சளுக்கு வந்த பெட்டி மெல்லக் கொத்தமல்லிக் கட்டுக்கும் வந்தது. வீட்டு வாடகைக்கு வந்தது. கடைசியில் சம்பந்தம் பேசவும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் விலை இறங்கும் என்பது புதுப் பழமொழி. எதிராளியின் பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் அசந்து ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால், அதையே பிடித்துக்கொண்டு உங்களை ஒரு படி இறக்கிவிடும். ஆகவே தாரிணியும் அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை நிரஞ்சனும் மூன்று முறை சந்தித்தும் மழையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கோயமுத்தூரில் எந்தத் தெருவில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது தாரிணிக்கு அத்துப்படி. அவன் மனசில் என்ன பெய்கிறது என்பதுதான் தெரியாது. கேட்கலாம்தான். கேட்டால் பெண்வீட்டுப் பக்கம் பலவீனம் என்று ஆகிவிடும்.

அன்று காலை சம்பிரதாயப்படி இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று உடம்பைக் காட்டிக்கொண்டன. நாச்சிமுத்துவின் பெட்டி சொன்னது: “அறை நாலு. டிஸ்க் ரெண்டு.”

உடனே மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் போன் செய்தார். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். பழுதின் வாசனை அவருக்குத் தொலைவிலேயே தெரியும்.

“பாதி நெனப்போட பேசுன பேச்சு செல்லாதுங்களே. நாலு மணிக்கு வாறோம். அதுக்குள்ள செரி பண்ணிப்போடுங்க. இல்லீன்னா ஆடி கழிச்சு ஆவணியில பாத்துக்கலாமுங்க.”

ஆவணிக்குள் நிரஞ்சனுக்குத் திருப்பூர்ப் பெண்ணின் ஜாதகம் ஒன்று வரிசையில் நிற்பது ஊருக்கே தெரியும்.

தாரிணியின் கவலை அது மட்டுமல்ல. நகை முதல் டிஸ்க்கில், மண்டபமும் சாப்பாடும் இரண்டாவதில். அவளுடைய ஒரே நிபந்தனை மூன்றாவதில் இருந்தது: மணிக்கூண்டுக்குப் பின்சந்தில் அவள் நடத்தும் போர்டு ரிப்பேர் கடையைக் கல்யாணத்துக்கு அப்புறமும் மூடக்கூடாது. மூன்றாவது டிஸ்க் இல்லாமல் பெட்டி பேச உட்கார்ந்தால் அவள் கடை என்று ஒன்று இருந்ததே அதற்கு ஞாபகம் வராது.

ஊர்ப் பெட்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் மகளை, நாச்சிமுத்து தம் பெட்டியை மட்டும் தொட விட்டதில்லை. “வூட்டுக்குள்ளயே ரிப்பேர் பண்ணுனா யாருகிட்டப் பேரம் பேசறது?” என்பது அவர் கட்சி. இன்று வேறு வழியில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

தாரிணி முதலில் மின்சாரத்தைப் பார்த்தாள். மாடி போர்டு வைத்த பெட்டிக்கு வரும் சீக்கில் பாதி, சோறு போதாத சீக்குதான்.

“அப்பா, இந்த அடாப்டரை எங்க வாங்குனீங்க?”

“ஏன், அதுக்கென்ன கொறச்சல்?”

“நாலு டிஸ்க் ஓடோணும்னா அஞ்சு ஆம்பியர் வேணுமுங்க. இதுல மூணுதான் போட்டிருக்குது.”

“அவன் அஞ்சுன்னுதான் ஆரம்பிச்சான்,” என்றார் நாச்சிமுத்து, மீசையைத் தடவி. “நாந்தான் மூணுக்கு முடிச்சேன்.”

தாரிணி பழைய அடாப்டரைப் பிடுங்கினாள். பிறகு கடைக்குப் போய் ஐந்து ஆம்பியர் அடாப்டரைக் கொண்டுவந்து மாட்டினாள். பெட்டி புதுத்தெம்போடு எழுந்து, “டிஸ்க் ரெண்டு,” என்றது.

அடுத்தது பட்டைக் கேபிள். கணினியையும் மாடியையும் சேர்க்கும் காகிதம் போன்ற கேபிள். அரைமயிர் விலகினாலும் மேல்மாடி இருளடைந்துவிடும். கழற்றி, முனையை அழிரப்பரால் தேய்த்து, நேராக அழுத்தி, பூட்டைத் தள்ளினாள். டிஸ்க் ரெண்டு. தொடக்கக் கோப்பில் மாடியை எழுப்பும் வரி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூன்றாவது டிஸ்க்கை உருவி முதல் அறையில் செருகினாள். இரண்டாவதைத் தூக்கி மூன்றாவதில் போட்டாள். அறை மாறியது, எண்ணிக்கை மாறவில்லை. மூன்றாவதைத் தன் சொந்தப் போர்டில் மாட்டினாள். அது ‘இதோ இருக்கிறேன்’ என்று உடனே எழுந்து நின்றது.

அறை நல்ல அறை. டிஸ்க்கும் நல்ல டிஸ்க். அப்படியானால் வீட்டுக்காரன்தான் கதவைத் திறக்க மறுக்கிறான்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தாள். காலை ஒன்பது நாற்பது: மூன்றாவது டிஸ்க் வந்தது. அடுத்த வரி: மூன்றாவது டிஸ்க் மறைக்கப்பட்டது. உத்தரவிட்டவர் என்ற இடத்தில் எழுதியிருந்தது: பெட்டி. நாலாவதைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. வந்ததாகவும் இல்லை, போனதாகவும் இல்லை.

“ஏய்,” என்றாள். “மூணாவத நீயே ஒளிச்சு வெச்சிருக்கியா?”

“வாங்க அம்மிணி,” என்றது பெட்டி, நாச்சிமுத்துவின் குரலில், நாச்சிமுத்துவின் இருமலோடு. “காப்பி குடிச்சீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“இருக்கற சரக்க எல்லாம் முன்னாடியே வாசல்ல கொட்டுனா எவன் மதிப்பான்? பாதிய உள்ள வெக்கோணும். இல்லீங்களா மொதலாளி?”

நாற்காலியிலிருந்து, “வாஸ்தவந்தானே,” என்று குரல் வந்தது.

“உடம்பக் காட்டறதுல என்னடா ஒளிவு? அந்த ஒளிவுல சம்பந்தமே போகுது!”

“ஒரு டிஸ்க் வேணா காட்டறனுங்க.”

“ரெண்டு.”

“ஒண்ணு. அதுவும் உங்க முகத்துக்காக.”

இதை எப்படி ஜெயிப்பது என்று தாரிணிக்குத் தெரியும். அவளும் அதே வீட்டில்தான் வளர்ந்தாள். மெல்லத் திருப்புளியைப் பையில் போட்டாள். கேபிளைச் சுருட்டினாள். செருப்பைத் தேடுகிறமாதிரி வாசல் பக்கம் நடந்தாள். “விடு. கடையில புதுப்பெட்டி ஒண்ணு சும்மா கெடக்குது. அதையே உக்கார வெச்சுக்கறோம்,” என்று காற்றிடம் சொன்னாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது அடி வைக்கும்போது கூப்பிட்டது.

“நில்லுங்க அம்மிணி. வந்தவீங்கள வெறுங்கையோட அனுப்பறது நம்ம வழக்கமா? மூணாவத எடுத்துக்குங்க.”

“நாலாவது?”

நாச்சிமுத்துவின் துண்டு விசிறல் நின்றது. தாரிணி திரும்பிவந்து நாலாவது டிஸ்க்கை உருவிக் காதருகில் ஆட்டினாள். கடகடவென்றது. டிஸ்க் கடகடக்கக் கூடாது. நாலு திருகையும் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு இரும்பு நட்டு. லாரிச் சக்கரத்து நட்டு. எடைக்காகப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்துபோய் உருண்டுகொண்டிருந்தது.

நட்டு தரையில் விழுந்து, உருண்டு, நாச்சிமுத்துவின் காலடியில் போய் நின்றது. அவர் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“மூணு விலைக்கு நாலு டிஸ்க்,” என்றது பெட்டி, தணிந்த குரலில். “நாலாவது கொசுறு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி. மொத நாளே சொன்னனுங்க, இது டிஸ்க் இல்லைன்னு. மொதலாளி ஏமாந்தாருன்னு மண்டியில தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்மகிட்டப் பேசுவான்? அதனால மூடி வெச்சோம். இதுவரைக்கும் எவனும் உடம்பக் காட்டச் சொன்னதில்ல. இன்னைக்கு மூணுன்னு சொன்னா, நாலாவது எங்கேம்பாங்க. ரெண்டுன்னு சொன்னா, போர்டு பழுதும்பாங்க. பழுது பரவால்லீங்களே. ஏமாந்ததுதான் மானக்கேடு.”

“வித்தது யாரு?”

பெட்டி முதலாளியின் அனுமதிக்குக் காத்திருந்தது. நாச்சிமுத்து இறக்கைகளை மூன்றாவது முறை எண்ணி முடித்து, வேறு வழியின்றிச் சொன்னார்: “சென்னியப்பன்.”

தாரிணிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு மூன்றாவது டிஸ்க்கைத் திறந்தாள். தன் நிபந்தனை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. ‘தாரிணி கடை — கொசுறு. கடைசியில் விட்டுக்கொடுக்கலாம்.’

சிரிப்பு போய்விட்டது.

“என்ற கடை கொசுறாப்பா?”

நாச்சிமுத்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார். “கொசுறுன்னா மட்டமுன்னு அர்த்தமில்ல கண்ணு. அது இல்லாம எந்தப் பேரம் முடிஞ்சிருக்குது? எதையாவது ஒண்ணு விட்டாத்தானே எதிராளிக்கும் மனசு நெறையும்.”

“அதுக்கு நகையில ரெண்டு பவுன விடறது.”

“நக ஊரு பாக்கறது.”

“கடையில நாந்தான் உக்காந்திருக்கறன். என்னயும் ஊரு பாக்குதுங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்கமில்லாத வாய், வரவில்லை. பதினொரு வருஷமாக அவருக்காகப் பெட்டிதான் பேசுகிறது. கஷ்டமான இடம் வந்ததும் அவர் கண் தானாகப் பெட்டியைத்தான் தேடியது. பெட்டிக்கும் இந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் சொல்லி அது கேட்டதே இல்லை.

தாரிணி மூக்கை உறிஞ்சிவிட்டு பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தாள். “சரி. வியாபாரம் பேசலாம். கடையைக் கொசுறுல இருந்து எடு. அதுதான் கடைசி வரைக்கும் விடக்கூடாத சரக்கு. இல்லீன்னா இந்த நட்டை நூல்ல கோத்து வாசப்படியில தொங்க விடுவேன்.”

“சித்த பொறுங்க அம்மிணி,” என்றது பெட்டி. அதன் விசிறி வேகமாகச் சுற்றியது. “வாசப்படியில தொங்குனா நமக்கு அவமானம். பேச்சுல தொங்குனா அவீங்களுக்கு அவமானம். நட்டைக் குடுத்தவரு மாப்பிள்ளை வூட்டுக்காரரு. அவரு கடையைப் பத்தி வாயெடுக்கறப்ப, நான் நாலாவது டிஸ்க்கப் பத்தி வாயெடுக்கறேன்.”

இதில் மகளுக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்தது. ரத்தம் ரத்தம்தான்.

நாலு மணிக்குச் சென்னியப்பன் குடும்பம் வந்தது. கூடத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் இரண்டு பெட்டிகள் எதிரெதிராக, நடுவில் வெற்றிலைத் தட்டு. நாச்சிமுத்துவின் பெட்டி இப்போது மூன்று டிஸ்க் காட்டியது. நாலாவது ‘ஓய்வில் இருக்கிறது’ என்றது. சென்னியப்பன் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்காததைத் தாரிணி கவனித்தாள்.

முதல் அரைமணி நேரம் பெட்டிகள் பேசவே இல்லை. முதலில் தொகை சொன்னவன் தோற்றான் என்பது இரண்டுக்கும் தெரியும். “அங்க மழைங்களா?” என்றது ஒன்று. “தூறலுங்க,” என்றது மற்றது. நிரஞ்சன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தாரிணியை ஒரு தரம் பார்த்தான். தூறல் என்று அவன் உதடும் ஓசையில்லாமல் சொன்னது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருவழியாக நகை முடிந்தது. மண்டபம் முடிந்தது. இலையில் எத்தனை இனிப்பு என்பதில் இருபது நிமிஷம் போயிற்று. பிறகு மாப்பிள்ளைப் பெட்டி தொண்டையைச் செருமியது.

“பொண்ணு ஈரோட்டுக் கடைய மூடிப்போட்டு கோயமுத்தூருக்கே வந்துரோணும்.”

“அதப் பேசறதுக்கு முன்னாடி,” என்றது நாச்சிமுத்துவின் பெட்டி, வெண்ணெய் போன்ற குரலில், “அந்த நாலாவது டிஸ்க்கைப் பத்திக் கொஞ்சம் பேசலாமுங்களா?”

சென்னியப்பனின் காப்பித் தம்ளர் பாதிவழியில் நின்றது. எதிர்ப்பெட்டி பதினோரு விநாடி யோசித்தது. பெட்டிக்குப் பதினோரு விநாடி என்பது நமக்கு ஒரு ஆடி மாதம்.

“பேசலாமுங்க,” என்றது. “அப்படியே அந்த மஞ்ச மூட்டையைப் பத்தியும் பேசிரலாமுங்க.”

இப்போது நாச்சிமுத்துவின் தம்ளர் நின்றது.

“என்ன மூட்டைங்க?” என்றார் தாரிணியின் அம்மா ருக்குமணி.

மாப்பிள்ளைப் பெட்டி சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன், டிஸ்க் பேரத்தின் முடிவில், சென்னியப்பனின் மூத்த மகள் கல்யாணத்துக்கென்று நாச்சிமுத்து மரியாதையாக ஒரு மூட்டை விரலி மஞ்சள் கொடுத்தார். கொசுறு. மேலே தங்கம், அடியில் தங்கம், நடுவில் பூச்சி அரித்த கிழங்கு.

இரண்டு அப்பாக்களும் ஒரே மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார்கள். ஒரு தரப்பில் நட்டு, ஒரு தரப்பில் பூச்சி. தராசு அசையாமல் நின்றது. இரண்டு பெட்டிகளும் சில நொடி சுழன்றுவிட்டு, ஒரே குரலில் சொன்னன:

“யோசிச்சுச் சொல்றமுங்க.”

வியாபாரிகள் பாஷையில் அதற்குப் பொருள் ஒன்றுதான். சென்னியப்பன் எழுந்து செருப்பைத் தேடினார். இவர் தேடியது நிஜத் தேடல். கூப்பிட்டால் திரும்புகிற தேடல் இல்லை. நாச்சிமுத்து பெட்டியைப் பார்த்தார். நிரஞ்சனின் அம்மா பெட்டியைப் பார்த்தாள். இத்தனை பேர் இருந்த கூடத்தில் வாய் திறக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. நாளை ஆடி.

“மாமா, சித்த உக்காருங்க,” என்றாள் தாரிணி.

எழுந்துபோய் அப்பாவின் தோளிலிருந்து துண்டை உருவினாள். ஜன்னலருகில் போய் நிரஞ்சனுக்கு எதிரே உட்கார்ந்து, துண்டை விரித்துத் தன் வலது கையின்மேல் போட்டுக்கொண்டாள்.

“கையை உள்ள விடுங்க.”

“எ... எதுக்குங்க?”

“பேரத்துக்குத்தான். உங்க தாத்தாவும் எங்கப்பாவும் பொழச்சது இப்படித்தான். வாரத்துல எத்தனை நாள் என்ற கடை தொறந்திருக்கோணும், அதான் சரக்கு. எத்தனை விரலப் புடிக்கறமோ அத்தனை நாளு. வாய் பேசக்கூடாது.”

“இதென்ன வழக்கம், பொண்ணும் மாப்பிள்ளையும்...” என்று அவன் அம்மா ஆரம்பித்தாள்.

“தொழில் நடக்குது, சும்மா இரு,” என்றார் சென்னியப்பன், தம்மையறியாமல். துண்டு விரிந்த இடத்தில் பேசக்கூடாது என்பது அவர் அப்பன் காலத்துச் சட்டம்.

நிரஞ்சன் கையை உள்ளே விட்டான். முக்காலிமேல் இருந்த இரண்டு பெட்டிகளும் கண்விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தன. துணிக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

தாரிணி அவனுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள்; விட்டு, இன்னொன்றைப் பிடித்தாள். ஆறு. துண்டு அசைந்தது. அவன் கொஞ்சம் தயங்கி அவளுடைய மூன்று விரலைப் பிடித்தான். பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற கை. காப்பு காய்த்திருந்தது, ஆனால் பிடித்த பிடி மெத்தென்று இருந்தது. அவள் மறுபடி ஆறு. அவன் நாலு. அவள் கையை உதறி, எழுந்து போகிறவள்போல உருவினாள். அரை விரல் வெளியே வருவதற்குள் அவன் தாவிப் பிடித்தான். ஐந்தையும்.

ஐந்து நாள். தாரிணி ஒரு கணம் யோசிப்பதுபோல நடித்துவிட்டு, அவன் விரல்களை மடக்கிப் பிடித்தாள். பேரம் படிந்தது.

துண்டு ஆட்டம் நின்றது.

“எத்தனை நாளுக்குடா முடிச்சே?” என்றார் சென்னியப்பன்.

“துண்டுக்குள்ள பேசுனதச் சொல்லக்கூடாதுங்கப்பா,” என்றான் நிரஞ்சன். அவன் மழையைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசி அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

“முடிவு என்னன்னு சொன்னா எழுதிக்கறனுங்க,” என்றது ஒரு பெட்டி. எந்தப் பெட்டி என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் துண்டுக்குள் கைவிட்டுப் பிழைத்தவர். ஆயிரம் மூட்டை மஞ்சளே அதற்குள் அரை நிமிஷத்தில் கைமாறும் என்பது அவருக்குத் தெரியும். ஆடாத துண்டுக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். மூன்று நிமிஷமாக அது ஆடவில்லை. கையும் வெளியே வரவில்லை.

“என்ன அம்மிணி,” என்றார், “படிஞ்சுதா இல்லியா?”

“சித்த பொறுங்கப்பா,” என்றாள் தாரிணி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “கொசுறு பேசிட்டிருக்கறோம்.”